மடியில் பால், மனதில் கணக்கு

உலகிலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. ஆனால் ஒரு மாடு தரும் பாலை எடுத்துக்கொண்டால் நாம் வெகு பின்னால். இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடுதல் மாடுகள் தேவையில்லை, மாடு வளர்ப்பவர்களின் தொழிலறிவு கூடினால் போதும் என்கிறார்கள் வல்லுநர்கள். பாடம் தயார். அது யாருடைய காதில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களில் மாலை ஆறு மணி என்பது ஊரே வரிசையில் நிற்கும் நேரம். தூத் மண்டலி என்று அழைக்கப்படும் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் பித்தளைக் குடமும் எவர்சில்வர் தூக்குமாக ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். பணக்காரர் ஏழை என்றோ சாதி பார்த்தோ வரிசை நகர்வதில்லை. முதலில் வந்தவர் முதலில் ஊற்றுகிறார். ஒரு கரண்டிப் பால் கருவிக்குள் போகிறது. சில நொடிகளில் திரையில் எண்கள் ஒளிர்கின்றன. எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, மற்றச் சத்துகள் எவ்வளவு, அதற்கு என்ன விலை என்று எல்லாவற்றையும் அச்சிட்ட சீட்டு கைக்கு வருகிறது. பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

இந்திய விவசாயத்தின் வேறெந்த விளைபொருளுக்கும் நாளைக்கு இரண்டு முறை, கண்ணெதிரே தரம் பார்த்து, ஆண்டு முழுவதும் விலை தரும் ஏற்பாடு இல்லை. ஆனால் அந்தச் சீட்டு ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. நேற்று 6 சதவிகிதமாக இருந்த கொழுப்பு இன்று ஏன் 5.5 ஆனது? எட்டு லிட்டர் கறந்த மாடு ஏன் ஆறில் நிற்கிறது? பதில் தொழுவத்தில் இருக்கிறது. தீவனத் தொட்டியில், தண்ணீர் வாளியில், தவறவிட்ட சினைப்பருவத்தில், கவனிக்காமல் விட்ட மடிவீக்கத்தில் இருக்கிறது. அதைப் படித்தறியும் திறமைதான் இன்று பால் பண்ணைத் தொழிலில் லாபத்தையும் நஷ்டத்தையும் பிரிக்கும் கோடு.

பெரிய நாடு, சிறிய மாடு

புள்ளிவிவரங்கள் பெருமைப்பட வைப்பவை. 1950-51-ல் நாட்டின் பால் உற்பத்தி 1.7 கோடி டன். 2023-24-ல் அது 23.93 கோடி டன். தலைக்கு நாளொன்றுக்கு 471 கிராம். 1998-ல் அமெரிக்காவை முந்தி முதலிடத்துக்கு வந்த இந்தியா அந்த இடத்தை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. உலகின் மொத்தப் பாலில் ஏறக்குறைய கால் பங்கு இங்கேதான் கறக்கப்படுகிறது.

அதே புள்ளிவிவரத்தின் மறுபக்கம் கொஞ்சம் சங்கடமானது. 2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கும் அதிகமான பசுவினங்களும் சுமார் 11 கோடி எருமைகளும் இருந்தன. அமெரிக்காவில் 2023-ல் இருந்த கறவைப் பசுக்கள் சுமார் 94 லட்சம்தான். அவை தந்த பால் சுமார் 10 கோடி டன். அதாவது ஒரு பசு ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோவுக்கு மேல். இந்தியாவில் ஒரு நாட்டுப் பசு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் தந்தாலே பெரிய விஷயம். கலப்பினப் பசு சராசரியாக எட்டு லிட்டரைத் தொடுகிறது.

இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்வதும் நியாயமல்ல. அங்கே மாடு தின்பது பெரும்பாலும் வயலில் அதற்காகவே விளைந்த சோளமும் சோயாவும். இங்கே தின்பது அறுவடைக்குப் பிந்தைய வைக்கோலும் தட்டையும் பிண்ணாக்கும். மனிதனுக்குப் பயன்படாததைப் பாலாக்கும் சிக்கனமான முறை இது. அதோடு, அமெரிக்கா அந்த உற்பத்தியை எட்டுவதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 2003-ல் அங்கே உரிமம் பெற்ற பால் பண்ணைகள் சுமார் 70,000. 2023-ல் மிஞ்சியவை 27,000-க்கும் குறைவு. பால் கூடியது, பண்ணைக் குடும்பங்கள் குறைந்தன.

இந்தியாவில் பாலை நம்பியிருக்கும் விவசாயிகள் சுமார் எட்டுக் கோடி என்கிறது மத்திய அரசு. பெரும்பாலோர் வீட்டில் இரண்டு மூன்று மாடுகள்தான். இந்தக் குடும்பங்களைத் தொழிலில் வைத்துக்கொண்டே பாலைக் கூட்டுவது சாத்தியமா? சாத்தியம்தான், ஆனால் ஒவ்வொரு மாட்டுக்காரரும் கொஞ்சம் கால்நடை மருத்துவர், கொஞ்சம் கணக்குப்பிள்ளை, கொஞ்சம் வேளாண் விஞ்ஞானி ஆகவேண்டியிருக்கும்.

ஆனந்த் கற்றுக்கொடுத்தது

பால்காரர்களுக்குப் பாடம் நடத்துவது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1946 டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் தொடங்கியபோது அதில் சேர்ந்திருந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள். 1949-ல் அரசு வேலையாக வேண்டா வெறுப்பாக ஆனந்துக்கு வந்திறங்கிய வர்கீஸ் குரியன் என்ற கேரள இன்ஜினியர், 2012-ல் இறக்கும்வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. எருமைப் பாலிலிருந்து பவுடர் தயாரிக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, குரியனின் நண்பர் எச்.எம்.தலாயா அதைச் செய்துகாட்டினார். 1955-ல் ஆனந்த் தொழிற்சாலை அதைப் பெரிய அளவில் நிரூபித்தது.

1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அந்த மாவட்டத்தின் அஜர்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கினார். ஊர்க்காரர்களோடு பேசினார். மண்ணோ மழையோ மாடோ மற்ற இடங்களைவிட இங்கே அப்படியொன்றும் உசத்தியில்லை, பால் பண்ணையின் சொந்தக்காரர்கள் விவசாயிகளாக இருப்பதுதான் வித்தியாசம் என்ற முடிவுக்கு வந்தார். மறு ஆண்டே தேசிய பால்வள வாரியம் பிறந்தது. 1970-ல் தொடங்கி 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டம் அந்த இரவின் நீட்சி.

அந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத அம்சம் ஒன்று உண்டு. மற்ற மாநில விவசாயிகளை ஆனந்துக்கு அழைத்துவந்து ஊர் ஊராகக் காட்டினார்கள். மேடைப் பேச்சைவிட, தன்னைப் போன்ற ஒரு விவசாயி பால் ஊற்றிப் பணம் வாங்குவதைப் பார்ப்பது வலுவான பாடம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று மேசானாவில் உள்ள மான்சிங் பயிற்சி நிலையமும், ஈரோடு, ஜலந்தர், சிலிகுரி ஆகிய ஊர்களில் உள்ள வாரியத்தின் பயிற்சி மையங்களும் அந்த மரபின் தொடர்ச்சி. கர்னாலில் உள்ள தேசிய பால் ஆராய்ச்சி நிலையமும், 1974-ல் புதுச்சேரியில் முதலாவதாகத் தொடங்கி இன்று நாடெங்கும் மாவட்டந்தோறும் பரவியிருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களும் தனி.

அன்றைய பாடம் பாலை எப்படி விற்பது என்பது பற்றியது. இன்றைய பாடம் பாலை எவ்வளவு மலிவாக உற்பத்தி செய்வது என்பது பற்றியது. இது கடினமான பாடம்.

தொட்டியில் தொடங்கும் லாபம்

ஒரு லிட்டர் பாலின் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவிகிதம் தீவனத்துக்கே போகிறது. அதனால் தீவனத்தில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு ரூபாயும் நேரடி லாபம். விசித்திரம் என்னவென்றால் பல தொழுவங்களில் மாடு ஒரே நேரத்தில் அதிகமாகவும் குறைவாகவும் தின்கிறது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு தேவைக்கு மேல் விழுகிறது. தாது உப்பு அறவே இல்லை. கறக்கிற மாட்டுக்கு வாரி வழங்குகிறார்கள், வற்றிய மாட்டை வைக்கோலோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஈற்றின் பால் அந்த வற்றிய இரண்டு மாதத்தில்தான் தீர்மானமாகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

2011-12 முதல் 2018-19 வரை நடந்த தேசிய பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில் இதற்கொரு விடை முயன்று பார்க்கப்பட்டது. ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர் வீடு வீடாகப் போய் மாட்டின் நெஞ்சளவை அளந்து எடையைக் கணக்கிடுவார். பாலின் அளவு, கொழுப்பு, சினை மாதம், வீட்டில் இருக்கும் தீவனம், அதன் விலை எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவார். இந்த மாட்டுக்கு இந்தப் பொருள்களை இவ்வளவு கொடுத்தால் குறைந்த செலவில் சத்து சரியாகும் என்று விடை வரும். 33,000-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சுமார் 28 லட்சம் மாடுகள் இந்தக் கணக்குக்குள் வந்தன. பல இடங்களில் விடை விவசாயிகளையே திகைக்க வைத்தது. தீவனச் செலவு குறைந்தது, பாலும் சற்றுக் கூடியது.

கணினி இல்லாமலும் கடைப்பிடிக்கக்கூடிய விதிகள் உண்டு. உடல் பராமரிப்புக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் பசுவாக இருந்தால் இரண்டரை லிட்டர் பாலுக்கும், எருமையாக இருந்தால் இரண்டு லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம் தாது உப்புக் கலவை. ஒரு லிட்டர் பால் சுரக்க மாடு நான்கைந்து லிட்டர் தண்ணீர் குடித்தாக வேண்டும். காலையும் மாலையும் மட்டும் தண்ணீர் காட்டும் வீட்டில் எவ்வளவு பிண்ணாக்கு போட்டாலும் பால் ஏறாது. செலவே இல்லாத இந்தத் திருத்தத்தைத்தான் பயிற்சியாளர்கள் முதலில் சொல்கிறார்கள்.

கோடைக்காகப் பசுந்தீவனத்தைச் சேமிக்கும் ஊறுகாய்ப்புல் முறை இப்போது சிறிய பண்ணைகளுக்கும் இறங்கி வந்திருக்கிறது. மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து மாவாகும் பருவத்தில் வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து அழுத்தி மூடினால் 45 நாளில் தயார். குழி வெட்ட இடமில்லாதவர்கள் பிளாஸ்டிக் பைகளில் அடைக்கிறார்கள். கட்டுகளாக விற்கும் வியாபாரிகளும் வந்துவிட்டார்கள்.

தீவன அறிவு பணப்பையோடு நிற்பதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. மக்கள் பயந்த கலப்படம் 12 மாதிரிகளில் மட்டுமே இருந்தது. ஆனால் 5.7 சதவிகித மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. தமிழ்நாடு, டெல்லி, கேரளா மூன்றும் இந்தப் பட்டியலில் முன்னணி. இந்த நச்சை யாரும் பாலில் ஊற்றவில்லை. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த பிண்ணாக்கையும் தவிட்டையும் தின்ற மாட்டின் வழியாக அது வருகிறது. காய்ச்சினாலும் போகாது. தீவன மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குவதும், சுவரை ஒட்டாமல் வைப்பதும், பூசணம் பிடித்ததைத் துணிந்து தூக்கி எறிவதும்தான் மருந்து. இவை எந்தத் தொழிற்சாலையாலும் செய்ய முடியாதவை. மாட்டுக்காரரால் மட்டுமே முடியும்.

இருபத்தொரு நாள் இழப்பு

மாடு சினைப்பருவத்துக்கு வருவது 21 நாளுக்கு ஒரு முறை. அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் மீண்டும் 21 நாள் காத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 150 ரூபாய் தீவனம் என்று வைத்துக்கொண்டால் தவறிய ஒரு பருவத்தின் விலை 3,150 ரூபாய். மூன்று முறை தவறினால் ஏறக்குறைய பத்தாயிரம். இந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

எருமைகளில் சிக்கல் இன்னும் அதிகம். பசுவைப் போல அவை கத்தி அமர்க்களம் செய்வதில்லை. அதிலும் கோடையில் ஊமைப் பருவம் சகஜம். விடியற்காலையிலும் இரவிலும் பார்த்தால்தான் கண்ணாடி போன்ற ஒழுக்கு தெரியும். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் கருவூட்டல் என்பது பழைய விதி. ஆனால் அதைச் செய்ய ஆள் வேண்டும். இந்தக் குறைக்காகத்தான் படித்த கிராமத்து இளைஞர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி கொடுத்து 'மைத்ரி' என்ற பெயரில் கருவூட்டல் பணியாளர்களாக்கும் திட்டத்தை மத்திய அரசு நடத்துகிறது. ஒரு மாதம் வகுப்பு, இரண்டு மாதம் களம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும் விந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து இளக்குவது முதல், சினை பிடித்ததா என்று பார்ப்பதுவரை அவர்கள் கற்கிறார்கள். கையில் வெப்பமானியும் மனதில் பொறுமையும் இல்லாத பணியாளரால் நல்ல காளையின் விந்தும் வீணாகிறது.

இப்போதைய பேச்செல்லாம் பாலினம் பிரித்த விந்து பற்றியது. சாதாரணக் கருவூட்டலில் கிடாரிக்கும் காளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதில் பத்துக்கு ஒன்பது கிடாரி. வெளிநாட்டுத் தொழில்நுட்பம் என்பதால் விலை எட்டாமல் இருந்தது. 2024 அக்டோபரில் மகாராஷ்டிராவின் வாஷிமில் உள்நாட்டிலேயே உருவான தொழில்நுட்பத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்தபோது, ஒரு டோஸுக்கு சுமார் 200 ரூபாய் குறையும் என்று அரசு அறிவித்தது.

இதற்கு இருக்கும் வரவேற்பின் பின்னால் ஒரு வேதனையும் இருக்கிறது. டிராக்டர் வந்தபின் ஏருக்குக் காளை வேண்டாம். பல மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டங்கள் இறுகியதால் வாங்கவும் ஆளில்லை. விளைவு, 2019 கணக்கெடுப்பிலேயே தெருவில் திரிந்த மாடுகள் 50 லட்சம். இரவில் அவை மேயும் வயல் இன்னொரு விவசாயியுடையது. காளைக்கன்று பிறக்காமலே போவது ஒரு தீர்வாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் இதிலும் நுணுக்கம் உண்டு. பிரித்த விந்தில் சினை பிடிக்கும் விகிதம் சாதாரண விந்தைவிடக் குறைவு. ஆரோக்கியமான கிடாரிக்கும், ஒழுங்காகப் பருவம் வரும் மாட்டுக்கும் அது பலன் தரும். பலமுறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்குக் கடைசி நம்பிக்கையாக அதைப் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

பிறந்த கிடாரியைக் காப்பாற்றுவது அடுத்த பாடம். முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் பல ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்த நேரத்தில் கன்றின் குடல், சீம்பாலிலுள்ள எதிர்ப்புச் சக்தியை உள்வாங்கும் திறனை இழந்துகொண்டிருக்கிறது.

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு

கறவை மாட்டின் மிகப்பெரிய எதிரி கொள்ளைநோய் அல்ல, மடிநோய்தான். பாலில் திரி விழும்போது தெரிவது அதன் முற்றிய நிலை. அதற்குப் பல நாள் முன்பே, வெளியே தெரியாமல் மடிக்குள் இருந்துகொண்டு அது பாலைக் குறைக்கிறது. நான்கு காம்புப் பாலையும் தட்டில் தனித்தனியே பீய்ச்சி ஒரு திரவத்தைக் கலந்தால் நோயுள்ள காம்பின் பால் கூழாகும். இந்த எளிய சோதனையை இப்போது சங்கங்களே கற்றுத்தருகின்றன. கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறப்பதை விட்டு முழுக்கையால் கறப்பது, கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்குவது, பிறகு அரைமணி நேரம் மாட்டைப் படுக்கவிடாமல் தீவனம் போட்டு நிற்கவைப்பது என மூன்றே பழக்கங்கள். காம்புத் துவாரம் மூடிக்கொள்ள அந்த அரைமணி தேவை.

வந்த நோய்க்கு வழக்கமான பதில் ஆன்டிபயாடிக் ஊசி. அதற்குப் பின் சில நாட்கள் பாலை விற்கக் கூடாது என்பது விதி. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அது பட்டினி. அதனால் விதி காற்றில் போகிறது, மருந்து பாலில் போகிறது. இந்த முடிச்சை அவிழ்த்ததில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் ந.புண்ணியமூர்த்தி தொகுத்துச் சீர்படுத்திய மரபு மருத்துவ முறைகளைத் தேசிய பால்வள வாரியம் நாடெங்கும் எடுத்துச்சென்றது. 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு. மூன்றையும் அரைத்து, கொஞ்சம் எடுத்து நீரில் கரைத்து, பாலைக் கறந்து கொட்டிய மடியில் நாளைக்குப் பலமுறை, ஐந்து நாள் தடவுவது. குஜராத்திலும் இன்று பால்காரர்கள் கற்றாழை வளர்க்கிறார்கள். ஆரம்ப நிலையில் இது கைகொடுக்கிறது. காய்ச்சலோடு மடி கல்லாகிவிட்டால் மருத்துவர்தான் கதி என்பதையும் சேர்த்தே பயிற்சியில் சொல்கிறார்கள்.

கொள்ளைநோய் வராமலும் இல்லை. 2019-ல் ஒடிசாவில் முதலில் தெரிந்த தோல் கழலை நோய் 2022-ல் ராஜஸ்தான், குஜராத், பஞ்சாப் என்று சுழன்றடித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. ஏறக்குறைய பாதி ராஜஸ்தானில். தடுப்பூசி இருக்கும்போதும், ஊருக்குள் நோய் வந்தபின்தான் பலர் தேடினார்கள். கோமாரியையும் புருசெல்லாவையும் ஒழிக்க 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு வில்லை மாட்டுகிறார்கள். புருசெல்லா தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு, வாழ்நாளில் ஒரே முறை. இது தவறினால் மாடு கன்று வீசுவதோடு முடியாது. விழுந்த கருவை வெறுங்கையால் அள்ளுபவருக்கு மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கை.

பாடம் யாருக்கு?

இங்கேதான் கதை இடறுகிறது. புல் அறுப்பது, சாணம் அள்ளுவது, கறப்பது, கன்றைக் கவனிப்பது என்று தொழுவத்து வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. மாடு இன்று தண்ணீர் குறைவாகக் குடித்தது என்பதும், எருமையின் வாலடியில் ஒழுக்கு தெரிந்தது என்பதும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படுகிறது. ஆனால் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் பெண்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பயிற்சிக்கு அழைப்பு உறுப்பினர் பெயருக்கு வருகிறது. மூன்று நாள் தங்கிப் படிக்கக் கணவர் போகிறார். சான்றிதழோடு திரும்பி வருகிறார். தொழுவத்தில் எதுவும் மாறுவதில்லை.

இரண்டு வேளையும் கறக்க வேண்டிய ஒரு பெண் மூன்று நாள் வெளியூரில் தங்க முடியாது என்பது பயிற்சித் திட்டம் போடுபவர்களுக்கு இப்போதுதான் புரிந்துவருகிறது. காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையில், சங்கக் கட்டடத்திலேயே, மாட்டைப் பக்கத்தில் கட்டிவைத்து நடத்தும் இரண்டு மணி நேர வகுப்புகள் அதிகப் பலன் தருகின்றன. செல்போன் செயலிகளும் குறும்படங்களும் வந்துவிட்டன. ஆனால் வீட்டில் ஒரே போன் என்றால் அதுவும் பெரும்பாலும் கணவரின் பையில் இருக்கிறது.

இதை உடைத்துக்காட்டிய முயற்சிகள் உண்டு. ஆந்திரத்தின் சித்தூர் பகுதியில் 2014-ல் தொடங்கிய ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினர்கள் அனைவருமே பெண்கள். இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பங்கு அவர்கள் பெயரில், பால் பணம் அவர்கள் கணக்கில், இயக்குநர் குழுவில் அவர்கள். பணம் யார் கைக்கு வருகிறதோ அவரே பயிற்சிக்கும் வருகிறார் என்பது அங்கே கிடைத்த எளிய பாடம். ஆனந்த் மாவட்டத்தின் ஜகாரியாபுராவில் பெண்கள் இன்னொரு படி போனார்கள். வீட்டுக்குப் பின்னால் சிறிய சாண எரிவாயுக் கலன். அடுப்புக்கு வாயு. மிஞ்சும் குழம்பைப் பெண்களே நடத்தும் சங்கம் தரம் பார்த்து விலைக்கு வாங்குகிறது. அதிலிருந்து உரம் தயாராகிறது. விறகு தேடும் நேரம் மிச்சம், புகை இல்லை, சாணத்துக்கும் பால் போலவே தரத்துக்கேற்ற விலை.

2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் ஆனந்தில் உள்ள ஊரக மேலாண்மை நிறுவனம், திரிபுவன்தாஸ் படேலின் பெயரில் கூட்டுறவுப் பல்கலைக்கழகமானது. மேலாளர்களும் அதிகாரிகளும் அங்கே உருவாவார்கள். நல்லதுதான். ஆனால் கூட்டுறவின் அடித்தளத்தில் இருப்பவர் பட்டம் பெற வருபவர் அல்ல, விடியற்காலை நான்கரை மணிக்குக் காம்பைக் கழுவுபவர். அவருடைய வாசலுக்குப் பாடம் போய்ச் சேருமா என்பதை வைத்துத்தான் இந்த ஏற்பாடுகளின் வெற்றியை அளக்க முடியும்.

விலையும் வேண்டும்

அறிவு மட்டும் போதும் என்று சொல்வதும் ஏமாற்று. நெல்லுக்கும் கோதுமைக்கும் இருப்பதுபோல் பாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. விற்பனைக்கு வரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே கூட்டுறவும் பெரிய தனியார் பண்ணைகளும் வாங்குகின்றன. மீதி, கொழுப்பை அளக்காத வியாபாரியின் கேனுக்குப் போகிறது. தரமான பாலுக்குத் தனி விலை கிடைக்காத ஊரில் தாது உப்பு வாங்கச் சொல்லி எந்த நிபுணரும் ஜெயிக்க முடியாது. பிண்ணாக்கு விலை ஏறும்போது பால் விலை ஏறாவிட்டால் மிகத் திறமையான பெண்ணும் மாட்டை விற்கத்தான் செய்வார்.

2024 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட இரண்டாவது வெண்மைப் புரட்சித் திட்டம் இந்தப் பள்ளத்தைக் குறிவைக்கிறது. ஐந்தாண்டுகளில் கூட்டுறவுக் கொள்முதலை 50 சதவிகிதம் கூட்டி, 2028-29-ல் நாளொன்றுக்கு 1,007 லட்சம் கிலோவாக்குவது இலக்கு. இதற்காக 75,000 புதிய கிராமச் சங்கங்கள் அமைக்கப்பட வேண்டும். கட்டடமும் குளிரூட்டும் கலனும் நிதி ஒதுக்கினால் வந்துவிடும். சங்கத்தை நாணயமாக நடத்தவும் மாட்டைச் சரியாக வளர்க்கவும் கற்ற மனிதர்கள் நிதி ஒதுக்கீட்டில் வருவதில்லை.

காலம் அதிகமில்லை. 2019 நவம்பரில் ஆசிய பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்கு நியூசிலாந்துப் பால் பவுடர் பற்றிய பயம் முக்கியக் காரணம். சுங்கச் சுவர் இதுவரை காத்தது. அந்தச் சுவருக்குள்ளேயே வேறொரு போட்டி வளர்கிறது. நகரங்களைச் சுற்றி நூறு, இருநூறு மாடுகளோடு கறவை இயந்திரமும் கழுத்தில் உணர்கருவிப் பட்டையுமாகப் பண்ணைகள் எழுகின்றன. அவற்றின் மாடு பருவத்துக்கு வந்ததைப் பட்டை சொல்லிவிடும். இரண்டு மாட்டுக்காரரிடம் பட்டை இல்லை. அவருக்கு இருக்கும் அனுகூலம் தினமும் இரண்டு மாட்டையும் தன் கண்ணால் பார்ப்பது. நூறு மாட்டுக்காரருக்குக் கிடைக்காத வசதி அது.

எதைப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் அந்தக் கண் எந்தக் கருவிக்கும் சளைத்ததல்ல. அடுத்த லிட்டர் பால் பெரிய கொட்டகையிலிருந்தும் வரலாம், கற்ற கையிலிருந்தும் வரலாம். நாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். எட்டுக் கோடிக் குடும்பங்களுக்கு ஒன்றல்ல.